குன்றுகளின் துறைமுகத்தில் தனிவழி

பயணம் என்றவுடன் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "யார் யார் வருகிறார்கள்?" என்பதுதான். வேளாங்கண்ணிக்காயினும் பூண்டிக்காயினும், வேன் அமர்த்தி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, உற்றாரும் அண்டை வீட்டாரும் சூழப் புறப்படுவதே நமக்குப் பயணம். அது நல்ல வழக்கம். அதில் குறை காண யாம் எழுதவில்லை. ஆயினும், அவ்வாறு செல்லும்போது நம் வீட்டையும் தெருவையும் உடன் எடுத்துச் சென்று, அப்படியே திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறோம். சென்ற ஊரில் கடைக்காரரைத் தவிர வேறொருவரிடமும் பேசாமல் திரும்புவதும் உண்டு. தனியே, சிறு செலவில், தோளில் ஒரு பையோடு செல்பவருக்கு அது இயலாது. வழியை அவர் கேட்டாக வேண்டும். பேருந்தின் எண்ணைக் கேட்டாக வேண்டும். ஒதுங்க ஒரு நிழலையும் கேட்டாக வேண்டும். அவ்வாறு சென்று வந்த மூன்று நாட்களைப் பற்றியே ஈண்டு எழுதுகிறோம்.

தேங்காய்த்திட்டு தட்டையான நிலம். அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், அலையாத்திச் செடிகளுக்கும் மீன்பிடித் துறைமுகத்திற்கும் அருகே வாழும் எமக்கு, உயரம் என்பது படகின் கொடிமரமும் ஆலயத்தின் கோபுரமுமே. புதுவையில் மேடு என்றே பெயர் பெற்ற கோரிமேடுகூட மலைநாட்டவர் கண்ணுக்குச் சமவெளிதான். ஆகவே, கடலும் குன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு நகரைக் கால்நடையாகக் காண வேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாகவே இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாப் பணிகள் முடிந்தபின் சில நாள் ஓய்வு கிடைத்தது. விசாகப்பட்டினத்தைத் தேர்ந்துகொண்டோம்.

தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. செலவு குறைவு. புதுவையிலிருந்து ஹவுராவுக்கும் புவனேசுவரத்துக்கும் வாரந்தோறும் செல்லும் விரைவு வண்டிகள் விசாகப்பட்டினம் வழியாகவே செல்கின்றன. சாதாரணப் படுக்கைப் பெட்டியில் ஓரிரவைக் கழித்தால் மறுநாள் அங்கே இறங்கலாம். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் அந்நகரின் நிலையத்திற்கு வரும் தொலைதூர வண்டிகள் பல, எஞ்சினை மறுமுனையில் மாட்டிக்கொண்டு வந்த திசையிலேயே திரும்பிப் புறப்படுகின்றன. வண்டியே பின்வாங்கித் திரும்பும் ஊர் என்றால் நில அமைப்பு எத்தகையது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தங்குவதற்கு, பயணச் சீட்டு வைத்திருப்போருக்கு நிலையத்திலேயே கிடைக்கும் பொதுப் படுக்கைக் கூடம் போதுமானதாக இருந்தது. காலையில் இஞ்சி மணக்கும் பெசரட்டு ஒன்று உண்டால் நண்பகல் வரை பசியில்லை. பச்சைப் பயற்றை அரைத்து வார்க்கும் அந்தத் தோசைக்குள் உப்புமாவையும் வைத்துத் தருகிறார்கள்.

அங்கி அணியாமல், வேட்டி சட்டையோடு சென்றிருந்தோம். ஆகவே எம்மை 'சாமி' என்று அழைக்க அங்கே எவரும் இல்லை. நகரப் பேருந்தின் பெண் நடத்துநர், "தாத்தகாரு, இங்கே அமருங்கள்" என்று தெலுங்கில் சொல்லி, ஓர் இளைஞனை எழுப்பி இடம் தந்தார். ஐம்பதுகளில் இருக்கும் எமக்குப் பாட்டனார் பட்டம் அன்றுதான் கிடைத்தது. மறுக்காமல் அமர்ந்துகொண்டோம்.

புதுவையிலிருந்து சென்ற வழிப்போக்கர்

தொடருந்து நிலையத்தின் மறுபுறம் ஞானாபுரம் என்னும் பகுதி. அங்கே புனித இராயப்பர் பேராலயம் இருக்கிறது. அங்கு அமர்ந்திருந்தபோது, எமக்கு முன் புதுவையிலிருந்து இவ்வூருக்குச் சென்ற சில வழிப்போக்கர்களின் நினைவு வந்தது. அருட்திரு பீட்டர் மெர்மியே, 1838-இல் அன்னசி நகரில், புனித பிரான்சிஸ் சலேசியாரின் மறைபோதகர் சபையைத் தொடங்கினார். அன்னசி இன்று பிரான்சில் இருப்பினும், அந்நாளில் சர்தீனிய அரசுக்கு உட்பட்ட சவோய் நாட்டைச் சேர்ந்தது. பனிமலைகளின் அடிவாரத்து ஊர் அது. அங்கிருந்து புறப்பட்ட முதற் குழுவினர் 1845-இல் நம் புதுவையில் வந்திறங்கினர். சில திங்கள் இங்கே தங்கி, 1846-இல் விசாகப்பட்டினம் சேர்ந்தனர். அடுத்த ஆண்டிலேயே, 1847-இல், புனித ஞானப்பிரகாசியார் பெயரால் பழைய நகரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அது இன்றும் நடைபெறுகிறது.

அவர்கள் கட்டியவற்றை நூல்கள் சொல்கின்றன. முதல் நாளில் அவர்களுக்கு நீர் தந்தவர் யார், வழி காட்டியவர் யார், காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்தவர் யார் என்பதை எந்நூலிலும் யாம் படித்ததில்லை. ஆயினும் யாரோ தந்திருக்க வேண்டும். மொழியும் வெயிலும் உணவும் பழகாத அயலார், கொடுப்பவராக ஆவதற்குமுன் பெற்றுக்கொள்பவராகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்த எண்ணம் அந்த மூன்று நாளும் எம்மை விட்டு அகலவில்லை.

மூன்று குன்றுகள்

துறைமுகத்தின் வாயிலை ஒட்டிப் பழைய நகரில் மூன்று சிறு குன்றுகள் நிற்கின்றன. ஒன்றில் இசாக் மதனி என்னும் இசுலாமியப் பெரியாரின் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் உள்ளன. மற்றொன்றில் வேங்கடேசுவரர் கோயில். அதனைக் கேப்டன் பிளாக்மோர் என்னும் ஆங்கிலேயர் கட்டுவித்தார் என்று சொல்லப்படுகிறது. மூன்றாவது ராஸ் குன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராஸ் என்பவர் அதன்மேல் கட்டிய இல்லமே பின்னர் மாதாவின் சிற்றாலயமாயிற்று என்பர். டிசம்பர் 8-ஆம் நாள், அமலோற்பவ மாதா திருநாளில், அக்குன்று மக்கள் வெள்ளத்தில் மிதக்கும். யாம் சென்ற நாளில் கூட்டமில்லை.

குன்றுகள் உயரமானவை அல்ல; ஆயினும் சமவெளியில் ஐம்பதாண்டு நடந்த முழங்கால்களுக்கு அவை உயரமே. ராஸ் குன்றின் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றோம். மெழுகுவர்த்தியும் பூவும் விற்கும் ஒரு மூதாட்டி, தாம் அமர்ந்திருந்த பலகையில் பாதியை ஒதுக்கி, "கூர்சோண்டி" என்றார். அமரச் சொல்கிறார் என்பதை அவர் கை காட்டியது. ஒரு செம்பில் நீரும் தந்தார். எம் கை தானாகவே சட்டைப் பையை நாடியது. அவர் தலையசைத்து மறுத்தார். மெழுகுவர்த்தி ஒன்றேனும் வாங்குவோம் என்று காசை நீட்டினோம். முதலில் மேலே போய் வாருங்கள் என்பதுபோல் மலையைக் காட்டினார்.

அந்தச் சிறு நிகழ்ச்சியைப் பற்றி அன்றிரவு நெடுநேரம் எண்ணினோம். நீர் இனித்தது, அதை வெறுமனே பெற்றுக்கொண்டதுதான் கசந்தது. ஒருவர் அன்பாகத் தருவதை உடனே விலை கொடுத்துக் கடன் தீர்த்துவிட வேண்டும் என்று மனம் ஏன் துடிக்கிறது?

மறுநாள் தர்காக் குன்றின் படிகளில் இறங்கும்போது, கேளாமலே ஓர் இளைஞர் எம் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். கீழே வந்ததும் அதைத் தந்துவிட்டு, வணக்கம் சொல்லிப் போய்விட்டார். இம்முறை கையைப் பையில் விடவில்லை. நன்றி மட்டும் சொன்னோம். அது சற்றே எளிதாக இருந்தது.

மலையும் துறையும்

ராஸ் குன்றின் உச்சியிலிருந்து காணும் காட்சியை மறத்தல் அரிது. எதிரே, கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல் ஒரு பெருமலை. டால்பின் மூக்கு என்பது அதன் பெயர். அதன்மேல் கலங்கரை விளக்கு நிற்கிறது. அம்மலைக்கும் பழைய நகருக்கும் இடையே ஒரு நீர்வழி உள்ளே செல்கிறது. அதன் வழியே பெருங்கப்பல்கள், ஏதோ தெருவில் நடப்பதுபோல், வீடுகளுக்கு அருகே நகர்ந்து போகின்றன. உள்ளே சதுப்பு நிலத்தைத் தோண்டி அமைத்த துறைமுகம் 1933-இல் திறக்கப்பட்டது. 1948-இல் அங்கே உள்ள கட்டுதளத்திலிருந்து 'ஜல உஷா' என்னும் கப்பலை நேரு நீரில் இறக்கி வைத்தார்.

தேங்காய்த்திட்டு வாசகர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. அம்மணல் நம் முகத்துவாரத்தைத் தூர்ப்பதும், படகுகள் தரைதட்டுவதும் நாம் அறிந்த துன்பங்கள். 1980-களின் இறுதியில் நம் துறைமுகத்திற்குக் கல் அணைகள் கட்டிய பின், வடக்கே புதுவைக் கடற்கரை மணலை இழந்ததும் நாம் கண்டதே. விசாகப்பட்டினத்தில் பெருமலையே காவல் நிற்கிறது. ஆயினும் மலை மட்டும் போதவில்லை. துறைமுகம் கட்டியோர், பழைய கப்பல்கள் இரண்டில் கல் நிரப்பி வாயிலருகே மூழ்கடித்து, மணலைத் தடுக்கும் அணையாக்கினர். அங்கே சேரும் மணலை வாரி வடபுறக் கடற்கரைக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. மலை நிற்கும் துறைக்கும் மூழ்கிய கப்பலின் துணை வேண்டியிருந்தது.

அங்கிருந்து மீன்பிடித் துறைக்குச் சென்றோம். ஏலக் கூச்சலைக் கேட்டதும் வீடு திரும்பியது போன்ற உணர்வு. நம் வஞ்சிரம் அங்கே வஞ்சரம். நம் வவ்வால் மட்டும் சந்துவா எனப் பெயர் மாறியிருந்தது. 2023 நவம்பரில் அத்துறையில் எழுந்த தீயில் ஏறக்குறைய 40 விசைப்படகுகள் கருகின. படகோடு பிழைப்பு போவது என்னவென்று நம் துறைமுகத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏற்று உண்டோரின் மலை

மூன்றாம் நாள், பீமுனிப்பட்டினம் செல்லும் பேருந்தில் ஏறினோம். நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர், இடப்புறம் குன்றுகளும் வலப்புறம் கடலுமாகச் செல்லும் சாலை. பேருந்துக் கட்டணத்தில் இத்தகைய காட்சி வேறெங்கு கிடைக்கும்!

அச்சாலையை ஒட்டிய குன்றுகளில் பழைய பௌத்த மடங்களின் இடிபாடுகள் உள்ளன. தெலுங்கில் 'கொண்டா' என்றால் மலை. நம் குன்றுக்கு உறவு போல ஒலிக்கிறது. ஒரு மலையின் பெயர் பாவிகொண்டா. எம்மைப் போன்றோருக்கு ஏற்ற இடம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். பாவி என்பது அங்கே கிணறு, நம் வாவியைப் போல. மற்றொன்று தொட்லகொண்டா. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளால் வந்த பெயர்.

தொட்லகொண்டாவின் இடிபாடுகள் 1970-களில், கடற்படையினர் அப்பகுதியை வானிலிருந்து ஆய்ந்தபோது வெளிப்பட்டன. தூபியின் வட்ட அடித்தளம், துறவியர் அறைகளின் வரிசை, மழைநீரைத் தேக்கிய தொட்டிகள் ஆகியவை அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சாதவாகனர் காசுகளும் உரோமாபுரி வெள்ளிக் காசுகளும் அங்கே கிடைத்தன. கிறிஸ்து பிறப்புக்கு முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளில், கீழே கடலில் வணிகர் கலங்கள் செல்ல, மேலே இத்துறவியர் வாழ்ந்தனர். பிக்கு என்னும் சொல்லுக்கே ஏற்று உண்பவர் என்பது பொருள். கையில் ஓடு ஏந்திக் கீழிறங்கி, ஊரார் இட்டதை வாங்கி உண்பது அவர்களுக்கு இழிவன்று, அதுவே ஒழுக்கம். இடுவோரும் அதைப் பேறாகக் கருதினர். அப்பாறையில் அமர்ந்து கடலைப் பார்த்தபோது, ராஸ் குன்றின் மூதாட்டி தந்த நீருக்கு ஏன் காசு கூடாது என்பது விளங்கியது. காசை வாங்கியிருந்தால் அவர் வணிகராகியிருப்பார், யாம் வாடிக்கையாளராகியிருப்போம். அவர் அதை விரும்பவில்லை.

கீழே சாலைவரை வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார் நிறுத்தி, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எமக்கு இடம் தந்தனர். மறுப்புச் சொல்லாமல் ஏறிக்கொண்டோம்.

மற்றவற்றை விரைந்து சொல்லலாம். நகருக்கு வடக்கே சிம்மாசலத்துக் கோயிலில் முதற் குலோத்துங்கன் காலத்து, 1098-99 ஆண்டினதான கல்வெட்டு உள்ளது. விசாகப்பட்டினத்திற்கே குலோத்துங்க சோழப் பட்டினம் என்றொரு பெயர் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறும். கடற்கரையில், 1969 முதல் 2001 வரை பணியாற்றிய 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்துள்ளனர். ஓய்வு பெற்ற கடற்படையினரே உள்ளே அழைத்துச் சென்று விளக்குகின்றனர். மாலுமிகள் உறங்கிய இடத்தைக் கண்டபின் தொடருந்துப் படுக்கை அரண்மனையாகத் தோன்றும்.

செல்ல விரும்புவோருக்கு

டிசம்பர், சனவரித் திங்கள்கள் ஏற்றவை. குன்றேறுவதைக் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்க. வார் இறுக்கமான காலணி, நீர்ப் புட்டி, ஒரு துண்டு, மாற்றுடை இரண்டு, இவை போதும். பை கனத்தால் பயணம் சுருங்கும். ஆட்டோவுக்குமுன் பேருந்தை விசாரியுங்கள். கடற்படைக்குரிய இடங்களில் படம் எடுக்கலாகாது. இராமகிருஷ்ணா கடற்கரையில் நீராடுதல் வேண்டா. அங்கே அலையின் இழுப்பு பல உயிர்களைக் கொண்டிருக்கிறது. தனியே செல்லும் பெண்கள் பகற்பொழுதில் ஊர் சேருமாறு வண்டியைத் தேர்வது நலம். நாள்தோறும் மாலையில் வீட்டிற்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். தனிவழி என்பது வீட்டாரைக் கலங்கவைக்கும் வழியாகக் கூடாது.

பெற்றுக்கொள்ளும் கலை

பங்கில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது ஒன்றை அடிக்கடி காண்கிறோம். நாற்பதாண்டு குடும்பத்திற்கு உழைத்த தாய், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பார். மருமகள் நீர் கொண்டுவந்தால், "எனக்காக நீ ஏன் சிரமப்படுகிறாய்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகன் தூக்கி அமர்த்தினால் கண்ணீர் விடுவார். வலியால் அன்று, வாங்கிக்கொள்ள நேர்ந்ததே என்னும் வெட்கத்தால். ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடத்தும், ஆண்டுக்கணக்கில் படகுக்குத் தலைமை தாங்கியவர்களிடத்தும், எம்மைப் போன்ற குருக்களிடத்தும் இதே வெட்கத்தைக் காணலாம். வாழ்நாள் முழுதும் கொடுத்தே பழகியவர்களுக்கு, பெற்றுக்கொள்வது தோல்வியாகத் தோன்றுகிறது. அதனால் அவர்கள் மட்டுமா துன்புறுகிறார்கள்? அன்போடு பணிவிடை செய்ய வருகின்ற பிள்ளைகளின் கையும் வெறுங்கையாகத் திரும்புகிறது.

முதுமை வந்து கட்டாயப்படுத்துமுன், கால்கள் நடக்கும்போதே, இக்கலையைச் சிறிது பழகிக்கொள்ளலாம். அதற்குத் தனிவழிப் பயணத்தைவிடச் செலவு குறைந்த பள்ளி இல்லை. கையில் பணம் மிகுந்தால் வண்டி வரும், விடுதி வரும், வழிகாட்டி வருவார், மனிதர் தேவைப்படமாட்டார். பணம் குறைந்த இடத்தில் மனிதர் வந்து நிற்கிறார். ஐம்பதைக் கடந்த நம் வாசகர்கள், உடல்நலம் இடம் தந்தால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம்மை யாரும் அறியாத ஓர் ஊருக்குச் சென்று வாருங்கள். தொலைவு வேண்டுவதில்லை. செஞ்சி மலைக்குப் பேருந்தில் போய்வந்தாலும் போதும்.

அவ்வாறு சென்று வந்தவர் கண்ணுக்கு நம் ஊரும் வேறாகத் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மொழி தெரியாமல், கையில் எழுதிய முகவரிச் சீட்டோடு நிற்கும் இளைஞர்களைப் புதுவைப் பேருந்து நிலையத்திலும் கட்டட வேலை நடக்கும் தெருக்களிலும் நாள்தோறும் காண்கிறோம். வங்கத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். குன்றேறிக் களிக்க வந்தவர்கள் அல்லர். அடுத்த முறை அவர்களுள் ஒருவர் நம் வீட்டு வாயிலில் நின்று வழி கேட்டால், விரலை நீட்டிக் காட்டுவதோடு நில்லாமல், தெருமுனைவரை உடன் நடந்து செல்வோம். போகும்போது ஒரு செம்பு நீரையும் கொடுப்போம்.